உபுண்டு 24.04 மடிக்கணினியில் டெபியன் 12-க்குப் பொதி கட்ட சிஎச்ரூட் சூழல் அமைப்பது எப்படி?

கேள்வி: சாட்ஸ்வொர்த் தொண்டர், டர்பன்

அனைவருக்கும் வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் நடைபெறும் தமிழ் வகுப்புக்காக, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினிகளைத் திரட்டி டெபியன் 12 நிறுவிக் கொடுத்திருக்கிறோம். அவற்றுள் சில 64 பிட் கணினிகள். மற்றவை 32 பிட்டைத் தவிர வேறொன்றையும் ஏற்காதவை. பிள்ளைகள் தமிழ்99 விசைப்பலகையில் பழகுவதால், பல மொழிகளில் தட்டச்சிட உதவும் ஐபஸ்-எம்17என் பொதியின் மூல நிரலில் சிறு திருத்தம் ஒன்று செய்து, உள்ளீட்டு முறைகளின் பட்டியலில் தமிழ்99 முதலில் வருமாறும் வகுப்புக்குத் தேவைப்படாத மொழிகள் பட்டியலில் தோன்றாதவாறும் அமைத்திருக்கிறேன்.

என் மடிக்கணினியில் இருப்பது உபுண்டு 24.04. பொதியை அதிலேயே கட்டியபோது பிழை எதுவும் வரவில்லை. ஆனால் வகுப்புக் கணினியில் நிறுவ முயன்றால், லிப்ஜிலிப்2.0-0டி64 என்னும் பொதி தேவைப்படுவதாகவும் அதை நிறுவ வழியில்லை என்றும் பொதி நிறுவும் கருவியாகிய ஆப்ட் மறுத்துவிடுகிறது. டெபியன் 12-இன் களஞ்சியத்தில் தேடிப் பார்த்தால் அந்தப் பெயரில் ஒரு பொதியே இல்லை. சிஎச்ரூட் சூழலுக்குள், அதாவது ஓர் அடைவையே முழு அமைப்பின் வேராகக் காட்டும் சூழலுக்குள், டெபியன் 12-ஐ வைத்து அங்கே கட்ட வேண்டும் என்று படித்தேன். ஆனால் டெபூட்ஸ்ட்ராப் போதும் என்கிறார் ஒருவர், பிபில்டர் என்கிறார் இன்னொருவர், எஸ்பில்ட் என்கிறார் மற்றொருவர். இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்று விளக்கினால் உதவியாக இருக்கும்.

எங்கள் நிலைமையில் இரண்டு தடைகள் உண்டு. இணையம் முன்பணம் கட்டிய கைப்பேசித் தரவு வழியாகத்தான் வருகிறது. ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் பதிவிறக்கினால் கட்டுபடியாகாது. மின்வெட்டு அட்டவணை 2024 மார்ச்சுக்குப் பின் பெரும்பாலும் ஓய்ந்திருந்தாலும், எங்கள் பகுதியில் அறிவிப்பின்றி மின்சாரம் போவது இன்னும் நின்றபாடில்லை. மடிக்கணினியின் மின்கலமோ கால் மணி நேரம்கூடத் தாங்குவதில்லை.


பதில் 1: பொதி கட்டுபவர், ஜோகன்னஸ்பர்க்

வணக்கம் நண்பரே. முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் மாற்ற விரும்புவது விசை வரைபடக் கோப்பு மட்டும் என்றால் பொதி கட்டவே தேவையில்லை. எம்17என் நிரலகம் பயனரின் இல்ல அடைவில் புள்ளியுடன் தொடங்கும் எம்17என்.டி என்னும் அடைவையும் படிக்கும் என்பதால், திருத்திய கோப்பை அங்கே இட்டாலே போதும். பட்டியலின் வரிசையும் தோற்றமும் பொதிக்குள் இருப்பவை என்பதால் உங்கள் தேவைக்குப் பொதி கட்டத்தான் வேண்டும் என்று கொண்டு மேலே எழுதுகிறேன்.

உங்களுக்கு வந்த பிழையின் வேர் 2038-ஆம் ஆண்டுச் சிக்கலில் இருக்கிறது. 32 பிட் எண்ணில் நேரத்தைக் குறிக்கும் முறை அந்த ஆண்டு ஜனவரியில் நிரம்பிவிடும் என்பதால், 2024-இல் டெபியனும் உபுண்டுவும் நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றும் பெரிய பணியில் இறங்கின. அதனால் பாதிக்கப்படக்கூடிய நிரலகப் பொதிகளின் பெயரின் வாலில் டி64 என்று சேர்த்தார்கள். உபுண்டு 24.04 அந்த மாற்றத்துக்குப் பின் வந்தது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12 அதற்கு முந்தையது. உங்கள் கணினியில் கட்டிய பொதி, கட்டும்போது அங்கே எந்த நிரலகங்கள் இருந்தனவோ அவற்றின் பெயர்களையே தன் சார்புப் பட்டியலில் எழுதிக்கொண்டது.

சார்புப் பட்டியலைக் கையால் திருத்திவிடலாமே என்று சிலர் யோசனை சொல்லக்கூடும். அதைச் செய்ய வேண்டாம். நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை சி நிரலகமாகிய ஜிலிப்சியின் பதிப்பு உபுண்டு 24.04-இல் 2.39, டெபியன் 12-இல் இருப்பது 2.36. எழுத்துச்சரத்தை எண்ணாக மாற்றும் எஸ்டிஆர்டிஓஎல் போன்ற செயற்கூறுகள், ஜிஎன்யூ நீட்டிப்புகளோடு தொகுக்கப்படும் நிரல்களில் ஜிலிப்சி 2.38 முதல் புதிய பெயருடைய குறியீடுகளுக்குத் திருப்பிவிடப்படுகின்றன. எனவே நிரலின் ஒரு வரியைக்கூட மாற்றாவிட்டாலும், புதிய கணினியில் தொகுத்தது பழைய கணினியில் ஜிலிப்சி 2.38 இல்லை என்று சொல்லி ஓட மறுக்கலாம். எந்த வெளியீட்டில் ஓட வேண்டுமோ அந்த வெளியீட்டின் தொகுப்பியையும் நிரலகங்களையும் கொண்டே கட்ட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இனி கருவிகளைப் பற்றி. டெபூட்ஸ்ட்ராப் என்பது ஓர் அடைவுக்குள் டெபியனின் அடிப்படை அமைப்பை இறக்கி வைக்கும் கருவி மட்டுமே. அதற்குள் நுழைவது, சார்புகளை நிறுவுவது, கட்டி முடித்தபின் துடைப்பது எல்லாம் உங்கள் தலையில் விழும். பிபில்டரும் எஸ்பில்டும் அந்த வேலைகளை ஏற்றுக்கொள்பவை. பிபில்டர் மோசமில்லை, ஆனால் டெபியனின் சொந்தக் கட்டுமானக் கணினிகள் எஸ்பில்டைத்தான் ஓட்டுகின்றன. அங்கே தேறுவது இங்கேயும் தேற வேண்டும் என்னும் ஒரு காரணத்துக்காகவே நான் எஸ்பில்டைப் பரிந்துரைக்கிறேன்.

உபுண்டுவில் எஸ்பில்ட், சிஎச்ரூட் சூழல்களைத் திறந்து மூடும் எஸ்சிஎச்ரூட், டெபூட்ஸ்ட்ராப் ஆகியவற்றோடு டெபியன்-ஆர்க்கைவ்-கீரிங் என்னும் பொதியையும் மறவாமல் நிறுவுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். உபுண்டுவிடம் இயல்பாக இருப்பவை உபுண்டுவின் கையொப்பச் சாவிகள் மட்டுமே; டெபியனின் சாவிகள் இல்லையென்றால் டெபூட்ஸ்ட்ராப் ஒரு வரி அறிவிப்போடு கையொப்பச் சரிபார்ப்பை விட்டுவிடும், வேலையும் முடிந்துவிடும், ஆனால் இறங்கியவை டெபியன் கையொப்பமிட்டவைதாமா என்பதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பிறகு எஸ்பில்ட்-கிரியேட்சிஎச்ரூட் கட்டளைக்கு வரிசையாக மூன்றைக் கொடுக்க வேண்டும்: டெபியன் 12 வெளியீட்டின் பெயராகிய புக்வார்ம், சூழல் இருக்க வேண்டிய அடைவு, டெபியன் களஞ்சியத்தின் நகலைத் தரும் மிரரின் முகவரி. அது பில்ட்-டி என்னும் வகையில் மிகக் குறைந்த பொதிகளையும் தொகுப்பிக் கருவிகளையும் மட்டும் இறக்கி, எஸ்சிஎச்ரூட்டுக்கான அமைப்புக் கோப்பையும் தானே எழுதிவிடும். உங்கள் பயனர் பெயரை எஸ்பில்ட் குழுவில் சேர்த்து, ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். அதன்பின் மூலப் பொதியை விவரிக்கும் டிஎஸ்சி கோப்பின் பெயரையும் புக்வார்ம் என்னும் வெளியீட்டையும் எஸ்பில்டுக்குக் கொடுத்தால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி, மூலச் சூழலுக்குள் யாரும் நுழைந்து எதையும் மாற்றுவதில்லை என்பதுதான். எஸ்சிஎச்ரூட் ஒவ்வொரு முறையும் மூல அடைவின் மீது ஓவர்லே என்னும் மெல்லிய அடுக்கை விரிக்கிறது. கட்டுவதற்கு வேண்டிய சார்புகள் அனைத்தும் அந்த அடுக்கில்தான் நிறுவப்படுகின்றன. வேலை முடிந்ததும் அடுக்கு மட்டும் வீசப்படுகிறது. மூலத்தைப் புதுப்பிக்க வேண்டிய சமயத்தில் மட்டும், பெயருக்கு முன் சோர்ஸ் என்னும் அடைமொழி சேர்த்த சூழலைத் திறக்க வேண்டும், அல்லது எஸ்பில்ட்-அப்டேட் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். அவசரத்துக்கு ஏதோ ஒரு பொதியை மூலத்தில் நிறுவிவிட்டால், அன்று முதல் அந்தச் சூழல் உங்களிடம் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.


பதில் 2: பழைய நிர்வாகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மேலே எழுதிய நண்பர் 32 பிட் கணினிகளைத் தொடவில்லை. அதை நான் சேர்க்கிறேன்.

32 பிட் கட்டமைப்பாகிய ஐ386-க்காகத் தனியே ஒரு சூழல் அமைக்க வேண்டும். எஸ்பில்ட்-கிரியேட்சிஎச்ரூட் கட்டளையில் கட்டமைப்பை ஐ386 என்று குறிப்பிட்டால் போதும். உங்கள் மடிக்கணினியின் 64 பிட் செயலி 32 பிட் நிரல்களை நேரடியாகவே ஓட்டும் என்பதால் க்யூஇஎம்யூ போன்ற போலச்செய்யும் கருவி எதுவும் வேண்டாம். ஒரு நுட்பத்தை மட்டும் கவனியுங்கள். சிஎச்ரூட் என்பது கோப்பு முறைமையின் வேரை மாற்றிக் காட்டுகிறதே அன்றிக் கெர்னலை மாற்றுவதில்லை. எனவே 32 பிட் சூழலுக்குள் நின்று யூநேம் கட்டளையால் இயந்திர வகையைக் கேட்டால், வெளியே ஓடும் 64 பிட் கெர்னல் எக்ஸ்86_64 என்றே பதில் சொல்லும். அந்தப் பதிலை நம்பித் தம்மை அமைத்துக்கொள்ளும் கட்டுமான நிரல்கள் அதன்பின் தடம் மாறிப் போகும். எஸ்சிஎச்ரூட்டின் அமைப்புக் கோப்பில் பெர்சனாலிட்டி என்னும் புலத்துக்கு லினக்ஸ்32 என்னும் மதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு யூநேம் ஐ686 என்று சொல்ல வேண்டும்.

அந்தக் கணினிகளை டெபியன் 13-க்கு உயர்த்தும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். 2025 ஆகஸ்டில் வந்த அந்த வெளியீட்டில் ஐ386-க்கு நிறுவியும் இல்லை, கெர்னலும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை, எஸ்பில்டை விட்டு வெறும் டெபூட்ஸ்ட்ராப்பும் சிஎச்ரூட் கட்டளையுமாக முயல்வோருக்கு. உள்ளே நுழைந்ததும் பதிவேடு எழுத முடியவில்லை, டெவ்-பிடிஎஸ் ஏற்றப்பட்டுள்ளதா என்று ஆப்ட் முணுமுணுக்கும்; உடனே இணையத்தில் கண்டபடி டெவ், ப்ராக், சிஸ் ஆகியவற்றையும், சிலர் தம் இல்ல அடைவையும்கூட, இருக்கும் அடைவையே இன்னோர் இடத்திலும் காட்டும் பைண்ட் முறையில் உள்ளே ஏற்றிவிடுவார்கள். அடுத்த மாதம் அந்தச் சூழல் வேண்டாம் என்று தோன்றும்போது, ஏற்றியதை இறக்காமலே ஆர்எம் கட்டளையால் அடைவை முழுவதுமாக அழிப்பார்கள். அழிவது சிஎச்ரூட்டுக்குள் இருப்பதாகத் தோன்றும் நகல் அன்று. வெளியே இருக்கும் உண்மையான இல்ல அடைவு. அழிப்பதற்கு முன் ஃபைண்ட்மௌண்ட் கட்டளையால் அந்த அடைவின் கீழ் எதுவும் ஏற்றப்பட்டில்லை என்று பாருங்கள். ஆர்எம் கட்டளைக்கு ஒரே கோப்பு முறைமைக்குள் நிற்கச் சொல்லும் விருப்பத்தையும் சேர்த்துக் கொடுங்கள். இல்ல அடைவு அதே கோப்பு முறைமையில் இருந்தால் இந்த விருப்பம் காப்பாற்றாது, ஆகவே முதல் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

இதே காரணத்தால் சிஎச்ரூட்டைப் பாதுகாப்பு வேலியாகவும் எண்ணாதீர்கள். 1979-இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் தோன்றிய இந்த அழைப்பு அப்படிப்பட்ட நோக்கத்துக்கு உருவானதன்று. உள்ளே ரூட் உரிமை பெற்ற நிரல் விரும்பினால் வெளியே வந்துவிடும்.


பதில் 3: மேகப் பணியாளர், பிரிட்டோரியா

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டுமா என்று தோன்றுகிறது. பாட்மேன் என்னும் கொள்கலன் கருவியில் டெபியன் புக்வார்ம் படிமத்தை இறக்கி, உள்ளே ஆப்ட் பில்ட்-டெப் ஓட்டி, டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ் கொடுத்தால் பொதி கையில் இருக்கும். ஐ386 படிமமும் கிடைக்கிறது. ஒரே ஒரு பொதியை ஒரே ஒரு முறை கட்டுபவருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.


பதில் 4: பொதி கட்டுபவர், ஜோகன்னஸ்பர்க்

ஒரு முறைக்கு என்றால் பிரிட்டோரியா நண்பர் சொல்வதை மறுக்கமாட்டேன். ஆனால் டெபியன் 12-க்கு இப்பொதியில் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் சாட்ஸ்வொர்த் நண்பர் தம் திருத்தத்தை மீண்டும் இட்டுக் கட்ட வேண்டியிருக்கும். கொள்கலனில் பெரும்பாலோர் செய்வது, ஒருமுறை திறந்த கொள்கலனையே மீண்டும் மீண்டும் திறப்பது; நான்காவது பொதி கட்டும் வேளையில் முதல் மூன்றின் சார்புகளும் அதில் தேங்கியிருக்கும். ஒழுங்காக ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறப்பவருக்கு இரண்டும் ஒன்றே.


பதில் 5: தரவுச் சிக்கனம், ஃபீனிக்ஸ், டர்பன்

நானும் உங்கள் ஊர்தான், அதனால் மின்சாரத்தையும் தரவையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தரவுக்கு ஆப்ட்-கேச்சர்-என்ஜி போதும். மடிக்கணினியிலேயே நிறுவினால் 3142-ஆம் வாயிலில் காத்திருக்கும். ஒருமுறை இறங்கிய பொதியை வட்டில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை கேட்கும்போது அங்கிருந்தே தரும். எஸ்பில்ட் ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் சார்புகளைப் புதிதாக நிறுவுவதால் இது இல்லாமல் தரவு கரைந்துபோகும். மிரர் முகவரியை எச்டிடிபிஎஸ் என்று கொடுத்தால் இடையில் நிற்கும் சேமிப்பகத்தால் உள்ளே பார்க்க முடியாது. எச்டிடிபி என்றே கொடுங்கள். பொதிகளின் நம்பகத்தன்மையைக் காப்பது களஞ்சியத்தின் கையொப்பம் என்பதால், ஜோகன்னஸ்பர்க் நண்பர் சொன்ன சாவிப் பொதி இருக்கும்வரை இதில் பயமில்லை.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, கட்டிக்கொண்டிருக்கும்போது போனால் இழப்பு அந்த ஒரு கட்டுமானம் மட்டும். மேலடுக்கில் நடந்தது மேலடுக்கோடு போகும். ஆபத்தான வேளை மூலச் சூழலைப் புதுப்பிக்கும் வேளை. பொதிகளை விரித்து நிறுவும் டிபிகேஜி பாதி விரித்த நிலையில் மின்சாரம் போனால், மூலத்தில் எந்தக் கோப்பு பழையது எது புதியது என்பது தெரியாமல் போகும். அதனால் நான் மூலத்தை அடைவாக வைத்துக்கொள்வதில்லை. எம்எம்டெப்ஸ்ட்ராப் என்னும் கருவியால் டார் கோப்பாகவே உருவாக்குகிறேன். புதுப்பிக்க வேண்டிய நாளில் பழையதைத் தொடாமல், வேறு பெயரில் முழுக்கப் புதியதொரு டார் கோப்பை உருவாக்கி, அது முடிந்து எஸ்பில்ட் ஒரு சிறு பொதியை அதில் கட்டித் தேறிய பின்பே பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கிறேன். ஒரே கோப்பு முறைமைக்குள் பெயர் மாற்றுவது நடக்கும் அல்லது நடக்காது, பாதியில் நிற்காது. பொதிகளெல்லாம் சேமிப்பகத்தில் இருப்பதால் புதிதாக உருவாக்குவதற்குத் தரவும் அதிகம் செலவாவதில்லை.

டார் கோப்பை இல்ல அடைவின் கேச் அடைவுக்குள் எஸ்பில்ட் என்னும் அடைவில், வெளியீடும் கட்டமைப்பும் சேர்ந்த பெயரில் வைத்து, எஸ்பில்டின் அமைப்புக் கோப்பில் சிஎச்ரூட் முறையை அன்ஷேர் என்று குறித்தால், எஸ்சிஎச்ரூட்டும் வேண்டாம், ரூட் உரிமையும் வேண்டாம். கட்டும் வேளையில் இணையத்தையும் இம்முறை துண்டித்துவிடும். கட்டும்போது இணையத்திலிருந்து எதையும் இழுக்கக் கூடாது என்பது டெபியனின் விதி என்பதால் அதுவும் நல்லதே. உபுண்டு 24.04-இல் சாதாரணப் பயனர் பெயர்வெளி உருவாக்குவதை ஆப்ஆர்மர் என்னும் பாதுகாப்பு அமைப்பு கட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. அன்ஷேர் முறை அனுமதி இல்லை என்று தொடக்கத்திலேயே நின்றால் முதலில் அங்கே பாருங்கள், துணைப் பயனர் எண்களுக்கான யுஐடிமேப் பொதி இருக்கிறதா என்பதை அடுத்துப் பாருங்கள்.

வேகத்துக்காக ஈட்மைடேட்டாவைப் பயன்படுத்தச் சொல்வார்கள். அது வட்டில் எழுதி முடித்ததை உறுதி செய்யும் எஃப்சிங்க் அழைப்பைச் செயலற்றதாக்கும் கருவி. வீசப்போகும் அடுக்கில் அதைத் தாராளமாக ஓட்டலாம். நம் ஊர் மின்சாரத்தை நம்பி வேறெங்கும் ஓட்டாதீர்கள்.


மறுமொழி: சாட்ஸ்வொர்த் தொண்டர், டர்பன்

ஐயாமார் அனைவருக்கும் நன்றி. ஃபீனிக்ஸ் நண்பர் சொன்னபடி டார் கோப்பு முறையில் 64 பிட்டுக்கான ஏஎம்டி64, ஐ386 இரண்டுக்கும் சூழல் அமைத்துவிட்டேன். ஐ386 சூழலில் யூநேம் ஐ686 என்றே சொல்கிறது. இப்போது வேறொரு வினா. என் திருத்தம், கட்டும்போது எக்ஸ்எஸ்எல்டிப்ராக் கருவியைக் கொண்டு பட்டியல் கோப்பை உருவாக்குகிறது. மடிக்கணினியில் குறையின்றிக் கட்டப்பட்ட அதே மூலம், எஸ்பில்டில் அந்தக் கட்டளை காணப்படவில்லை என்று நிற்கிறது. மூலச் சூழலில் அதை நிறுவக் கூடாது என்கிறீர்கள். பிறகு எங்கே நிறுவுவது? மேலும், பொதிக்கு எந்தப் பதிப்பு எண்ணைக் கொடுப்பது முறை என்பதையும் சொல்லுங்கள்.


பதில் 6: பொதி கட்டுபவர், ஜோகன்னஸ்பர்க்

நீங்கள் எங்கும் நிறுவ வேண்டாம். டெபியன் அடைவிலுள்ள கண்ட்ரோல் கோப்பில் பில்ட்-டிபெண்ட்ஸ் வரியில் எக்ஸ்எஸ்எல்டிப்ராக் என்று சேருங்கள். எஸ்பில்ட் அதைப் படித்துத் தானே நிறுவிக்கொள்ளும். உங்கள் மடிக்கணினியில் அக்கருவி வேறு ஏதோ தேவைக்காக முன்பே இருந்திருக்கிறது, அதனால்தான் இந்த விடுபடல் அங்கே வெளிப்படவில்லை. கட்ட மறுத்ததன் மூலம் சூழல் தன் கடமையைச் செய்தது. இப்படி நிற்கும்போது உள்ளே நுழைந்து பார்க்க விரும்பினால், கட்டுமானம் தோற்றால் எஸ்பில்டின் ஷெல்லைத் திறக்கச் சொல்லும் விருப்பம் ஒன்று உண்டு. தோற்ற இடத்திலேயே, அதே கோப்புகளோடு ஷெல் கிடைக்கும்.

பதிப்பு எண்ணில் ஒரு கண்ணி இருக்கிறது. வழக்கமாக அதிகாரபூர்வ எண்ணின் வாலில் +லோக்கல்1 என்று சேர்ப்பார்கள். 1.0-1 என்பது 1.0-1+லோக்கல்1 ஆகும்போது பழையதைவிடப் பெரியதாகவும், பின்னால் வரக்கூடிய 1.0-2-ஐவிடச் சிறியதாகவும் இருக்கும் என்பது உண்மையே. ஆனால் டெபியன் 12-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 1.0-2 என்று வருவதில்லை, 1.0-1+டெப்12யு1 என்னும் வடிவில் வருகின்றன. டிபிகேஜி ஆங்கில அகரவரிசைப்படி ஒப்பிடும்போது லோக்கலின் முதலெழுத்தாகிய எல், டெப்பின் முதலெழுத்தாகிய டி-க்குப் பின் வருவதால், உங்கள் பொதி பெரியது என்று முடிவாகி, பாதுகாப்புத் திருத்தம் வகுப்புக் கணினிகளுக்கு வராமலே நின்றுவிடும். கூட்டல் குறிக்கும் சொல்லுக்கும் இடையில் ஒரு சுழியம் சேர்த்து +0லோக்கல்1 என்று எழுதுங்கள். எழுத்து வர வேண்டிய இடத்தில் எண் வந்தால் அது எழுத்தைவிடச் சிறியதாகக் கொள்ளப்படும், எனவே 1.0-1-ஐவிடப் பெரியதாகவும் +டெப்12யு1-ஐவிடச் சிறியதாகவும் உங்கள் பொதி அமையும். என் சொல்லை நம்ப வேண்டாம். டிபிகேஜி கட்டளையின் கம்பேர்-வெர்ஷன்ஸ் விருப்பத்துக்கு இரண்டு எண்களையும், சிறியது என்னும் குறியையும் கொடுத்து, திரும்பும் மதிப்பைப் பாருங்கள்.

அப்படித் திருத்தம் வந்து உங்கள் பொதியை மாற்றிவிட்டால் தமிழ்99 பட்டியலின் அடியில் போய்விடும், பிள்ளைகள் முறையிடுவார்கள். அந்த முறையீட்டைக் கேட்டதும் புதிய மூலத்தில் உங்கள் திருத்தத்தை இட்டு மறுபடி கட்டுங்கள்.

கட்டிய இரண்டு டெப் கோப்புகளையும் யுஎஸ்பியில் எடுத்துச் சென்று நிறுவும்போது, டிபிகேஜியைவிட ஆப்ட் இன்ஸ்டாலுக்குக் கோப்பின் பாதையைக் கொடுப்பது நல்லது. விடுபட்ட சார்புகளை அது களஞ்சியத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். கோப்பின் பெயரை மட்டும் கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன் புள்ளியும் சாய்கோடும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதைக் களஞ்சியப் பொதியின் பெயராக எண்ணித் தேடும்.